மயக்கும் மதுவும் மாய்க்கும் ஊர்தியும்

காண்பதும் கேட்பதும் விலங்குகட்கும் உண்டு. கண்டதையும் கேட்டதையும் சீர்தூக்கி, இது தகும், இது தகாது எனத் தேர்ந்து ஒழுகும் ஆற்றல் மனிதனுக்கே உரியது. இறைவன் வழங்கிய அருட்கொடைகளுள் தலையாய அவ்வறிவை ஒருவன் மதுவால் மழுங்கச் செய்துகொள்வதே பெருந்தீங்கு. அந்நிலையில் ஊர்தியொன்றைச் செலுத்தப் புகுவானாயின், அத்தீங்கு அவனோடு நில்லாது; வழியிற் செல்லும் குற்றமற்றவர்களையும் சென்று சேரும். எனவேதான் மது அருந்துதலைத் தனிமனித ஒழுக்கக் கேடு என்றும், மது அருந்தி ஊர்தி ஓட்டுதலைப் பிறர் உயிர்மீது தொடுக்கும் தாக்குதல் என்றும் பிரித்து நோக்க வேண்டியுள்ளது. இக்கொடுமையின் இயல்பையும் விளைவுகளையும், அதனைத் தடுக்க நாம் ஆற்றத்தக்க கடமைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

நம் வட்டாரச் சாலைகள்

வெம்பாக்கம், திருவண்ணாமலை மாவட்டத்தின் வடபகுதியில், காஞ்சிபுரத்திற்கும் செய்யாற்றிற்கும் இடையே அமைந்துள்ளது. மகேந்திரவர்ம பல்லவன் காலக் குடைவரைகளைக் கொண்ட மாமண்டூர் இவ்வட்டாரத்ததே. ஏரிப் பாசனமும் பட்டு நெசவும் இப்பகுதி மக்களின் இரு கண்களாக விளங்கி வந்துள்ளன. ஒருபுறம் காஞ்சிப் பட்டு, மறுபுறம் ஆரணிப் பட்டு. இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. பாவும் ஊடையும் ஜரிகையும் வாங்கி வருவதற்கும், நெய்து முடித்த புடவையை ஒப்படைத்துக் கூலி பெறுவதற்கும் நெசவாளர் சாலைவழியே சென்று மீள வேண்டும். முன்பு பேருந்தும் மிதிவண்டியும் இதற்கு உதவின; இன்று மோட்டார் சைக்கிள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்த பின்னர், தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் வேளை பாராது இயங்குகின்றன. உழவரின் டிராக்டரும், பள்ளிப் பிள்ளைகளின் மிதிவண்டியும், மேய்ச்சலுக்குச் செல்லும் மாடும் அதே சாலையில்தான் செல்கின்றன. இத்தகைய சாலையில் தெளிந்த மதியோடு செல்பவரே விழிப்பாய் இருத்தல் வேண்டும். மதிமயங்கியவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

எண்ணிக்கை உரைப்பன

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது நடுவண் அரசின் கணக்கு. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடே. இங்கு நிகழ்ந்த 64,105 விபத்துகளில் 17,884 உயிர்கள் மாய்ந்தன. இந்திய அளவில் இறந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதிற்குட்பட்டோர். நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேல் இருசக்கர ஊர்திகளில் சென்றோர்.

குடிபோதையால் நேர்ந்தனவாக அதே ஆண்டுக் கணக்கில் பதிவான இறப்புகள் நான்காயிரத்துக்குச் சற்று மிகுதி. மொத்தத்தில் இது நூற்றுக்கு இரண்டரை விழுக்காடு அளவினதே. இதைக் கண்டு, மதுவினால் நேரும் தீங்கு சிறிதே என முடிவு கட்டுதல் கூடாது. விபத்துக்குப் பின் ஓட்டியவரின் இரத்தத்தையோ மூச்சையோ உரிய நேரத்தில் ஆய்ந்தாலன்றி மதுவின் பங்கு ஏட்டில் ஏறாது. ஓட்டியவர் தப்பியோடிவிடினும், காலம் கடந்து பிடிபடினும், அவ்விபத்து ‘மிகுவேகம்’ என்னும் தலைப்பின்கீழ்ச் சென்று சேர்ந்துவிடும். அம்மிகு வேகத்திற்கு மதுவே காரணமாய் இருந்திருக்கவும் கூடும். ஆதலின் பதிவான எண்ணிக்கை, நாம் காணும் ஏரிநீரின் மேற்பரப்பு போன்றதே. ஆழம் அதனால் புலப்படாது.

உடலினுள் மது செய்வது

அருந்திய மது செரிமானத்திற்குக் காத்திருப்பதில்லை. ஒரு சிறு பகுதி இரைப்பையிலும், பெரும்பகுதி சிறுகுடலிலும் உறிஞ்சப்பெற்று இரத்தத்தில் கலந்து விரைவில் மூளையை அடைகிறது. அங்கு அது முதலில் தாக்குவது, நன்மை தீமைகளைச் சீர்தூக்கும் திறனை. தன்னால் இயலும், இயலாது என மதிப்பிடும் அறிவே முதலில் குன்றுவதால், குடித்தவன் தான் நிதானமாகவே இருப்பதாக மனமார நம்புகிறான். ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்னும் அவன் கூற்று பல வேளைகளில் பொய்யன்று, அறியாமை. தன் தளர்ச்சியை உணர வேண்டிய கருவியே தளர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

அடுத்துப் பார்வை பாதிப்புறுகிறது. நேரெதிரே இருப்பது தெரியும். பக்கவாட்டிலிருந்து சாலையைக் கடப்பவர் கண்ணில் படார். எதிர் ஊர்தியின் விளக்கொளி பட்டுக் கூசிய கண் மீளத் தெளிவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். கண்ட இடையூற்றை மூளை உணர்ந்து, கைகால்களுக்கு ஆணையிட்டு, தடையை அழுத்தச் செய்வதற்கு ஆகும் நேரமும் நீளும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். தடையை அழுத்துவதற்கு அரை வினாடி தாமதமாயினும், ஊர்தி எட்டு மீட்டருக்கு மேல் கூடுதலாய்ச் சென்றுவிடும். இது ஒரு பட்டுப் புடவையின் முழு நீளத்தினும் மிகுதி. அவ்விடைவெளியில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சுவீடன் நாட்டு அறிஞர் எரிக் விட்மார்க், அருந்திய மதுவின் அளவையும் உடல் எடையையும் கொண்டு இரத்தத்தில் கலந்த மதுவைக் கணிக்கும் முறையைக் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வகுத்தளித்தார். நம் நாட்டு மதுக்கடைகளில் விற்பனையாகும் கடுமதுவில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்ககால் உள்ளது. 180 மில்லிலிட்டர் கொண்ட ஒரு ‘குவார்ட்டர்’ புட்டியில் ஏறத்தாழ 61 கிராம் ஆல்ககால் அடங்கும். 60 கிலோ எடையுள்ள ஆடவர் அதனை அருந்துவாராயின், விட்மார்க் கணக்கின்படி அவருடைய 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 150 மில்லிகிராம் அளவிற்கு ஆல்ககால் கலந்திருக்கும். நம் நாட்டுச் சட்டம் வகுத்த வரம்போ 30 மில்லிகிராம்!

கல்லீரல் இந்நஞ்சை மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் என்னும் அளவிலேயே குறைக்க வல்லது. மோர் குடிப்பதும், குளிர்நீரில் குளிப்பதும், காப்பி அருந்துவதும் அதன் வேகத்தைக் கூட்டா. ஆகவே, இரவு பதினொரு மணிக்கு 150 மில்லிகிராம் அளவில் இருந்தவர், மறுநாள் காலை ஏழு மணி அளவிலேதான் 30 மில்லிகிராம் என்னும் நிலைக்கு இறங்குவார். ‘இரவு குடித்தேன், உறங்கி எழுந்துவிட்டேன்’ என்று விடியற்காலையில் வண்டியை எடுப்பவரும் போதையிலேயே ஓட்டுகிறார் என்பதை இக்கணக்குத் தெளிவுறுத்தும்.

சட்டத்தின் நிலை

மது அருந்தி ஊர்தி ஓட்டுவோர்க்கு இரத்த அளவை வரம்பாக வைத்துச் சட்டம் இயற்றிய முதல் நாடு நார்வே, ஆண்டு 1936. பின்னர் 1954இல் அமெரிக்க நாட்டின் இராபர்ட் போர்க்கென்ஸ்டைன், மூச்சுக் காற்றைக்கொண்டே மதுவின் அளவைக் காட்டும் கருவியை உருவாக்கினார். இன்று நம் காவல்துறையினர் சாலையோரம் நின்று ஊதச் சொல்லும் கருவிகள் அவ்வழி வந்தவையே.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இக்குற்றத்தைப் பற்றியது. தொடக்கத்தில் முதற் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை தண்டம் என இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தண்டத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது. மறுமுறை செய்யின் இரண்டாண்டு வரை சிறை, 15,000 ரூபாய் தண்டம் என விதித்தது. உயர்த்தப்பெற்ற இத்தண்டம் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. குடித்தவர் ஓட்டும் ஊர்தியில் உடன் செல்வோரும் தண்டத்திற்கு உரியவர் எனச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அப்போது அறிவித்தது. தடுக்காத தோழமையும் குற்றத்திற்கு உடந்தையே என்னும் அறநெறி இவ்வறிவிப்பில் பொதிந்துள்ளது.

உயிரிழப்பு நேரின் நிலைமை இன்னும் கடுமையாகும். 2006 நவம்பர் 12ஆம் நாள் மும்பை கார்ட்டர் சாலையில், மது அருந்தியிருந்த இளைஞர் ஒருவர் செலுத்திய கார் நடைமேடையில் ஏறி, அங்கு உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் எழுவரின் உயிரைப் பறித்தது. இதனை வெறும் கவனக்குறைவு எனக் கொள்ளலாகாது, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்னும் பெருங்குற்றமாகவே கொள்ளல் வேண்டும் என 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மூன்றாண்டுச் சிறைத் தண்டனையை உறுதி செய்தது. தானே விரும்பிக் குடித்தவன், ‘போதையில் அறியாமற் செய்தேன்’ என்று சொல்லித் தப்ப நம் குற்றவியற் சட்டத்தில் இடமில்லை.

காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுவோரும் உளர். ஓட்டியவர் போதையில் இருந்தமை மெய்ப்பிக்கப்பெற்றால், அவருடைய ஊர்திக்கு நேர்ந்த சேதத்திற்கு இழப்பீடு மறுக்கப்படலாம். பாதிக்கப்பட்ட பிறர்க்குக் காப்பீட்டு நிறுவனம் தொகையைக் கொடுத்துவிட்டு, பின்னர் அதனை உரிமையாளரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம் என நீதிமன்றங்கள் ஆணையிட்டதும் உண்டு. பல இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க நேரின், வீடும் நிலமும் விலைபோன பின்னரும் கடன் தீராது.

தமிழகம் தொடுத்த வழக்கு

இப்பொருள் பற்றி நாடு முழுவதையும் தொட்ட தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே எழுந்தது. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளே ஓட்டுநர்களைக் குடிக்கத் தூண்டுகின்றன எனக் கூறி வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். கடைகளை அகற்றுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட, தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 2016 டிசம்பர் 15ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தேசிய நெடுஞ்சாலைகளினின்றும் மாநில நெடுஞ்சாலைகளினின்றும் 500 மீட்டர் தொலைவுக்குள் மதுக்கடைகள் இருத்தல் கூடாது என்றும், நெடுஞ்சாலையில் மதுவிற்கான விளம்பரமும் கூடாது என்றும் ஆணையிட்டது. மக்கள்தொகை 20,000க்கு மேற்படாத ஊர்களில் இத்தொலைவு 220 மீட்டர் எனப் பின்னர்த் திருத்தப்பெற்றது. 2017 ஏப்ரல் முதல் நாளன்று தமிழகத்தில் மூவாயிரத்திற்கு மேற்பட்ட கடைகள் மூடப்பெற்றன.

ஆயின் அடுத்து நிகழ்ந்ததையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெடுஞ்சாலையை விட்டகன்ற கடைகள் ஊருக்குள்ளும் வயலோரங்களிலும் இடம்தேடின. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரம் உள்ளிட்ட பல ஊர்களில் பெண்கள் திரண்டெழுந்து போராடினர். அதே ஆண்டு சூலையில், நகராட்சி எல்லைக்குள் செல்லும் சாலைகளுக்கு இத்தடை பொருந்தாது என உச்ச நீதிமன்றம் விளக்கமளித்தது. கடையை ஐந்நூறு மீட்டர் தள்ளி வைத்தால், குடித்தவன் ஐந்நூறு மீட்டர் கூடுதலாக வண்டி ஓட்டி வருவான், அவ்வளவே. தீர்ப்பின் நோக்கம் உயர்ந்தது. ஆயினும் மனம் மாறாதவரிடத்து வெறுந்தொலைவு மட்டும் வேலியாகாது என்பதே இவ்வழக்கு நமக்குக் கற்பித்த பாடம்.

1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. 1971இல் அது தளர்த்தப்பெற்றது. இடையில் மீண்டும் வந்து மீண்டும் அகன்றது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமே நடத்தி வருகிறது. இச்சூழலில், மதுவும் ஊர்தியும் ஒரே கையில் சேராதிருக்கச் செய்யும் பொறுப்பு குடும்பத்தின் மீதும் சமுதாயத்தின் மீதும் மேலும் மிகுதியாய் விழுகிறது.

அறநூல்கள் காட்டும் நெறி

திருவள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’யை 93ஆம் அதிகாரமாகவும், ‘சூது’ என்பதனை அதனை அடுத்தும் வைத்தார். திருமறையாம் குர்ஆனும் மதுவையும் சூதையும் இணைத்தே கண்டிக்கிறது. இரண்டும் அறிவை வீழ்த்திக் குடும்பத்தை அழிப்பன என்பதில் தமிழ் மறையும் இறைமறையும் ஒன்றுபடும் அழகு, தமிழ் பயிலும் நாம் எண்ணி மகிழத்தக்கது.

குர்ஆன் மதுவைப் படிப்படியாகத் தடுத்தது. அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம், அதில் சிறு பயன் இருப்பினும் கேடே பெரிது எனச் சுட்டியது. அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனம், தாம் ஓதுவது இன்னதென்று அறியும் தெளிவு வரும்வரை போதையோடு தொழுகையை நெருங்கலாகாது எனத் தடுத்தது. அல்மாயிதாவின் 90ஆம் வசனத்தில் முழு விலக்கு வந்தது. இவற்றுள் இடைப்படியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். தொழுகையில் தவறு நேரின் அது அடியானுக்கும் ஆண்டவனுக்கும் இடைப்பட்டது. பிறர் எவர்க்கும் உடற்காயம் இல்லை. அங்கேயே தெளிந்த மதி வேண்டப்படுகிறதெனின், பிறர் உயிரைக் கையிற் பிடித்துச் செல்லும் சாலையில் அது எத்துணை மிகுதியாய் வேண்டப்படும்!

மார்க்கச் சட்டத்தின் நோக்கங்களாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஐந்தினைக் காத்தலைக் கூறினார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, வழித்தோன்றல், பொருள். மது அருந்தி ஊர்தி ஓட்டுபவன் மார்க்கக் கட்டளையை மீறி, அறிவை இழந்து, உயிரைப் போக்கி, பிள்ளைகளை அநாதைகளாக்கி, பொருளையும் அழிக்கிறான். ஐந்தும் ஒரே செயலில் சிதைகின்றன. மேலும், இறைவனுக்குச் செய்த பிழையைத் தவ்பாவினால் அவன் மன்னிப்பான். மனிதர்க்கு இழைத்த தீங்கை, பாதிக்கப்பட்டவர் பொறுத்துக்கொள்ளாதவரை அது தீராது என்பது நம் மார்க்க அறிஞர் கூறும் நெறி. இறந்தவரிடம் எங்ஙனம் மன்னிப்புக் கேட்பது?

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். முள்ளையும் கல்லையும் அகற்றச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுபவன், தானே பாதையின் பேரிடையூறாய் மாறுதல் எவ்வளவு பெரிய முரண்!

தறியின் முன் வெற்றிடம்

விபத்தின் விளைவு மருத்துவமனையோடு முடிவதில்லை. குழித்தறியில் அமர்ந்து நெய்பவர்க்குக் கைகளும் வேண்டும், கால்களும் வேண்டும். கை நாடாவை இயக்க, கால் மிதிபலகையை மிதித்தால்தான் பாவு பிரிந்து ஊடை செல்லும். முழங்கால் மடங்காதவர் தறிக்குழியில் இறங்கவே இயலாது. கண்ணில் அடிபட்டவர் ஜரிகையின் நுண்ணிழையை எடுக்க மாட்டார். பிறர் குடித்த குடிக்காகத் தம் தொழிலை இழக்கும் நெசவாளி, பின்னர் எத்தொழிலுக்குச் செல்வார்? பட்டுத் தறி தனி ஒருவர் தொழிலுமன்று. கணவர் நெய்ய, மனைவி நூலிழைக்க, முதியோர் துணைநிற்க, குடும்பமே இயங்கினால்தான் ஒரு புடவை உருவாகும். அங்கு ஒருவர் வீழ்ந்தால் தறி நிற்கும். வாங்கிய முன்பணம் கடனாகும். கல்லூரியில் பயிலும் பிள்ளை படிப்பை நிறுத்திக் கூலிக்குச் செல்லும். காவல்துறைப் பதிவேட்டில் ‘படுகாயம் ஒருவர்’ என ஒரே வரியில் முடிந்துபோவது, அவ்வீட்டில் ஒரு தலைமுறைக்கு நீள்கிறது.

ஓட்டியவர் இல்லத்தின் நிலையும் இரங்கத்தக்கதே. சம்பாதிப்பவர் சிறையில், உரிமம் முடக்கம், வழக்குச் செலவு, ஊரார் ஏளனம். அவர் மனைவி மக்கள் செய்த குற்றம் யாது?

நாம் ஆற்றத்தக்கன

‘எம் சமுதாயத்தில் இத்தீமை இல்லை’ எனப் பெரியோர் சிலர் கூறக் கேட்கிறோம். விலக்கப்பட்டது என்பதனாலேயே ஒன்று இல்லையாகிவிடாது. நாணத்தால் மறைக்கப்படும் நோய், மருந்து காணாமல் முற்றும். குடிக்கு அடிமையானவரை ஏசி ஒதுக்குதலினும், மருத்துவத்தின்பால் அழைத்துச் செல்லுதலே அறம். கணவரைக் குடியினால் இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள், 1980இல் சென்னையில் டி.டி.கே. மறுவாழ்வு மருத்துவமனைக்கு வித்திட்டார்கள். தம் துயரைப் பிறர் நலமாக்கிய அச்செயல் நமக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

பெற்றோர், வயது நிரம்பாத மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்தல் கூடாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அக்குற்றத்திற்குப் பெற்றோரே மூன்றாண்டு வரை சிறைக்கும் 25,000 ரூபாய் தண்டத்திற்கும் உரியவராவர். திருமணத்திற்கு வேன் அமர்த்துவோர், வாடகையைப் பேசுவதோடு அமையாது, இரவு திரும்பும் வேளையில் ஓட்டுநர் நிதானமாய் உள்ளாரா என்பதையும் கண்டறிதல் வேண்டும். ஜுமுஆ மேடையில் ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் சாலை ஒழுக்கம் பேசப்படுதல் நன்று. போதையில் உள்ள நண்பரின் சாவியை வாங்கி வைத்தல் நட்பிற்கு ஊறன்று, அதுவே நட்பு. அவர் பின்னால் ஏறி அமர்தலே நட்பிற்கும் உயிருக்கும் ஊறு.

விபத்தைக் காண்போர் அஞ்சி விலகுதலும் வேண்டா. அடிபட்டவர்க்கு நல்லெண்ணத்தோடு உதவுவோரை வழக்கில் இழுத்து அலைக்கழிக்கலாகாது எனச் சட்டத்தின் 134அ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. 108 ஊர்தியை அழைக்கலாம். 2021 டிசம்பர் 18ஆம் நாள் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்கீழ், முதல் 48 மணி நேர மருத்துவத்திற்குப் பாதிக்கப்பட்டவரிடம் கட்டணம் பெறப்படுவதில்லை. ஓர் உயிரை வாழச் செய்தவர் மனிதர் அனைவரையும் வாழச் செய்தவர்க்கு ஒப்பாவர் என்னும் இறைமறைக் கருத்தைச் செயலாக்கும் வாய்ப்பு, ஒவ்வொரு சாலையிலும் நமக்குக் காத்திருக்கிறது.

மாணவச் செல்வங்களே! இன்று கல்லூரி வாயிலில் நிற்கும் இருசக்கர ஊர்திகளுள் பல, தறியில் வந்த கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து நும் பெற்றோர் வாங்கித் தந்தவை. அவர்கள் நும்மிடம் எதிர்பார்ப்பது, மாலையில் நீங்கள் நலமாய் வீடு திரும்புதல் ஒன்றே. அதே எதிர்பார்ப்போடு, எதிரே வருபவர்க்காகவும் ஓர் இல்லம் வாயிலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது. மதுவை அறவே விலக்குவோம். அருந்தியவரைச் சாலைக்கு விடாது தடுப்போம். அதற்கான மன உறுதியை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!